பெண்டிங்கில் நிற்கும் மழை

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் துறையில் ஆய்வுக்குச் சேரும் பிள்ளைகள் பலர் மழையைத்தான் தலைப்பாக எடுக்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள், வேறு எதை எடுப்பார்கள்?

மாஞ்சோலை, ஊத்துப் பக்கம் மலைச்சரிவில் மேகம் முட்டிப் பெய்வதைக் கணினியில் போட்டுப் பார்க்க பரப்பை 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தால் போதாது. 3 கிலோமீட்டருக்காவது இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் அதே பரப்புக்குக் கட்டங்கள் 9 மடங்கு. கணக்கு நகரும் ஒவ்வொரு கால அடியையும் மூன்றில் ஒரு பங்காக நறுக்க வேண்டும் என்பதால் வேலை 27 மடங்கு. திருநெல்வேலியில் நான் பார்த்துக்கொள்ளும் ஆய்வக சர்வர் இதற்குத் தாங்காது.

அதனால் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கும் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் பயனர் கணக்கு வாங்கிக் கொடுத்தோம். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022இல் வந்த இயந்திரம் அது; 838 டெராஃப்ளாப்ஸ் வேகம், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். ஆனால் அது நமக்கு மட்டுமா? ஊர்ப்பட்ட பேர் வேலை அனுப்புகிறார்கள்.

"சார், இன்னும் பெண்டிங்லயே நிக்கி" என்று ஒரு மாணவி வந்தாள். அவள் அனுப்பிய வேலை ஓடாமல் வரிசையிலேயே காத்துக் கிடந்தது. வேலையை ஓட்டச் சொல்லி அனுப்பும் கோப்பான ஸ்கிரிப்டைத் திறந்தேன். எட்டு மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்டிருந்தாள், நோடுகளும், அதாவது அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகளும், தாராளமாக. பயம்தான் காரணம், கேட்ட நேரம் தீர்ந்தால் பாதியில் வெட்டிவிடும் அல்லவா? பெரிய வேலை ஒன்றுக்காக நோடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும்போது, இடையில் முடிந்துவிடக்கூடிய சின்ன வேலைகளை யாருக்கு எப்போது என்று பங்கு வைக்கும் ஷெட்யூலர் நுழைத்துவிடும். நெரிசலான பஸ்ஸில் குடும்பமே நிற்க, ஒற்றை ஆளுக்கு இடுக்கில் சீட் கிடைக்கிற மாதிரி. பத்து மணி நேரம், பாதி நோடு என்று மாற்றி அனுப்பச் சொன்னேன். அன்று ராத்திரியே ஓட ஆரம்பித்துவிட்டது.

நோடைக் குறைத்தால் மெதுவாகாதா என்று கேட்டாள். ஆகும், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பரப்பைத் துண்டு போட்டு, நோடுக்குள் கணக்குப் போடும் கோர்களுக்குப் பங்கு வைத்தால், ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிடம் ஓர மதிப்புகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். துண்டு ரொம்பச் சிறுத்தால் கணக்கைவிடப் பேச்சுதான் அதிகம்.

அப்புறம் முடிவுகளை இங்கே இறக்குவது. நூற்றுக்கணக்கான ஜிபி, எங்கள் கல்லூரி லைனில் அது ஒரு தனி தவம். மழை, காற்று, ஈரப்பதம் மட்டும் அங்கேயே பிரித்தெடுத்துக் கொண்டுவரச் சொல்கிறேன். வருஷா வருஷம் புது சர்வர் கேட்டு எழுதுகிற கல்லூரிகள் ஒரு தடவையாவது நல்ல இணைய லைன் கேட்டு எழுதலாம்.