கறுப்பான திரவமெல்லாம் நல்ல கிராபீன் இல்லை

கிராபைட் தூளைத் திரவத்தில் போட்டு, மீயொலியால் ஓரணுத் தடிப்புவரை மெல்லிய தாள்களாக, அதாவது கிராபீனாக, உரிப்பதுதான் எங்கள் வேலை. ஆய்வுகூடத்துக்கு வருகிற புதுப் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது கரைப்பானைத்தான். என்எம்பி என்ற கரிமக் கரைப்பானா, சோடியம் கோலேட் என்ற சோப்புப் போன்ற பொருள் கலந்த தண்ணீரா, மீயொலி தரும் சோனிக்கேட்டரை எத்தனை மணித்தியாலம் ஓடவிடுவது? போடப்போகிற கிராபைட் எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கொழும்பில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விடலாமா? நரம்பு வகைக் கிராபைட்டை, அதாவது பாறைப் பிளவுகளில் கட்டியாகப் படிந்ததை, வணிக அளவில் தோண்டியெடுப்பது போகலை, கஹட்டகஹ போன்ற நம் நாட்டுச் சுரங்கங்களில்தான்.

ஒருமுறை அந்தக் கட்டியை இடித்துச் சலித்த தூளையும், இறக்குமதியான ஒரு மெல்லிய தூளையும் ஒரே செய்முறையில் பிரித்தோம். மையநீக்கியில் சுற்றியெடுத்தபோது இறக்குமதித் தூளின் திரவம் கன்னங்கரேலென்று இருந்தது. நம்முடையது சாயம் குறைந்த பிளேன்டீ மாதிரி. பிள்ளைகள் இறக்குமதிதான் வென்றது என்றார்கள். எங்கள் மிஸ் மட்டும், "தம்பி, இதை மையாகப் பூசி மின்தடையை அளந்துபோட்டுச் சொல்லுங்கோ" என்றார். அளந்தபோது கறுப்புத் திரவத்தின் தடைதான் கூட. அந்தத் தாள்கள் பொடிப்பொடி. மின்சாரம் தாளுக்குள் ஓடச் சிரமப்படுவதில்லை, தாளிலிருந்து தாளுக்குத் தாவும் இடங்களில்தான் சிரமப்படும். தாள் சிறுத்தால் தாவல் கூடும். தூள் போத்தலில் எழுதியிருந்த "99 சதவீதம்" கார்பன் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். படிகம் எவ்வளவு பெரியது, ஆலையில் எவ்வளவு நொறுங்கியது என்பதை அது சொல்லாது.

அதற்காகப் பெரிய செதில்களை அள்ளிப் போட்டாலும் பயனில்லை. மீயொலி முதலில் செதிலை உடைக்கும், பிறகுதான் உரிக்கும். உரியாத மிச்சம் அடியில் தங்கிவிடும். 2008இல் இதே முறையில் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரிக் குழு காட்டிய ஒற்றைப்படலக் கிராபீனின் விளைச்சலே எடையில் ஏறத்தாழ 1 சதவீதம். மேலும் பதப்படுத்தினால் 7 முதல் 12 சதவீதம் வரை போகலாம் என்று அவர்கள் எழுதினார்கள். அதனால் வண்டலைக் கொட்டாமல் திரும்பச் சோனிக்கேட்டரில் போடுகிறோம்.

லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் தாளின் தரத்தைப் பார்க்கும் ராமன் நிறமாலையிலும் ஒரு பொறி உண்டு. 1350 செ.மீ⁻¹ அலையெண்ணுக்கு அருகே வரும், டி எனப்படும் உச்சம் உயர்ந்தால் படிகம் பழுது என்று உடனே எழுதிவிடக் கூடாது. தாள் சிறிதானால் ஓரங்கள் கூடும், ஓரங்களும் அதே உச்சத்தைத் தரும். தூளையே முன்கூட்டி அளந்து வைத்திருந்தால்தான், பழுது தூளோடு வந்ததா, நாங்கள் உண்டாக்கியதா என்று பிரித்தறியலாம்.

இப்போது கிராபைட் போலவே படலம் படலமாக அமைந்த மொலிப்டினம் இருசல்பைட்டில் இறங்கியிருக்கிறோம். அதில் தாளின் நீளத்துக்கும் தடிப்புக்கும் உள்ள விகிதம் கிராபீனைவிடக் குறைவு. உரிக்க வேண்டிய சக்திக்கும் கிழிக்க வேண்டிய சக்திக்கும் உள்ள விகிதமே அதைத் தீர்மானிக்கிறது. கரைப்பானை மாற்றி அதைப் பெரிதாகக் கூட்ட முடியாது.