ரோட்டோரத்து மரை

"ஐயா, கத்தி இருக்கு. ஒரு நிமிஷ வேல."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி கேட்டது அவ்வளவுதான், அதுவும் ஒரே ஒரு தடவை. "தொடாதீங்க, வனவிலங்கு ஆபீசுக்குச் சொல்லியாச்சு" என்றேன். அதன்பிறகு அந்தப் பெண் மரை, கடமான் என்பார்களே அது, மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் உயிரோடு கிடந்தது.

முதலில் கண்டது மரையை அல்ல. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, தன் விரல்தான் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்துக் கையை உதறியிருக்கிறார். விரலில் காயம் இல்லை. இரத்தம் தேயிலையில் இருந்தது, இலையின் மேல்பக்கத்தில் அல்ல, செடியின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில். நிரைக்குள் புகுந்து போன உடம்பு உரசிய இடம் அது. சொட்டு கீழே விழுந்திருந்தால் மழை கழுவியிருக்கும். உரசிய இரத்தம் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரத்தம் வாசிக்கத் தெரியும். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், மிருகம் அதிக தூரம் போயிருக்காது. கரும்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சைக் கலங்கலும் புளித்த வாடையும் கலந்திருந்தால் வயிறு. வயிற்றில் பட்ட மிருகம்தான் எல்லாவற்றிலும் மோசமாகக் கஷ்டப்படும். அது உடனே சாகாது. யாரும் துரத்தாவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துக்கொள்ளும், துரத்தினால் அந்தக் காயத்தோடேயே மலை தாண்டிப் போய்விடும். அன்று இலையில் இருந்தது பச்சைக் கலங்கல். கீழ்ப்பக்கம், ஓடையை நோக்கி இறங்கியிருந்தது. அடிபட்ட மரை தண்ணீரைத்தான் தேடும். ரோட்டிலிருந்து நூற்றி இருபது தப்படி தள்ளி, தண்ணீர் வடியும் கானுக்குள் பின்னங்கால் மடங்கிக் கிடந்தது.

முந்தின இரவு பதினொரு மணி போல, மேல் ரோட்டில் ஒரு வாகனம் நின்று காட்டுப்பக்கம் வெளிச்சம் அடித்ததைக் காவல்காரர் பார்த்திருந்தார். ரோட்டோரத்தில் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டா ஒன்று கிடந்தது. மழை தூற ஆரம்பித்ததால் அதைத் தொடாமல், மேலே ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்தோம்.

ரோட்டிலிருந்து சுடுவது ஏன் இவ்வளவு கேவலமான காரியம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மரை பொழுது சாயும்போது காட்டை விட்டு வெளியே வரும். ரோட்டோரத்தில் புல் இளசாக இருக்கும், வாகன இரைச்சலும் அதற்குப் பழகிப்போயிருக்கும். கண்ணில் பலத்த வெளிச்சம் பட்டால் ஓடாமல் அப்படியே நிற்கும். அதனால் சுடுகிறவனுக்குத் திறமையே வேண்டியதில்லை. பெரிய மிருகத்துக்குப் போடும் எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் ஒன்பது குண்டு போல இருக்கும், முப்பத்தைந்து நாற்பது மீட்டருக்கு மேல் அவை பரந்துவிடும். அன்று சுட்ட தூரம் அறுபது தப்படிக்குக் குறையாது. இரண்டு குண்டு வயிற்றில், ஒன்று பின்தொடையில். மற்றவை? மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது குண்டைத் தாங்க மண் மேடு இல்லை. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறது. பீலிக்கரைச் சுவரில் சாந்து புதிதாகப் பெயர்ந்திருந்ததைப் பார்த்தேன். விடிகாலை ஐந்து மணிக்குப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடம் அது.

இதையெல்லாம்விட என்னைச் சுடுவது வேறொன்று. அடிபட்டதைத் தேடிப் போவது வேட்டைக்காரனின் முதல் கடமை. ரோட்டிலிருந்து சுடுகிறவனால் அது முடியாது. வாகனம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு ஆபத்து. மிருகம் அந்த இடத்திலேயே விழுந்தால் ஏற்றிக்கொண்டு போவான், விழாவிட்டால் விட்டுவிட்டுப் போவான். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில்கூட வாகனத்திலிருந்தோ பொது ரோட்டுக்குக் குறுக்கேயோ சுடுவதைப் பல இடங்களில் தடுத்திருக்கிறார்கள். 1848 வாக்கில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையைத் துரத்தி, கடைசியில் கத்தியால் முடித்தவர். அந்த வேட்டையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் மிருகத்தின் பக்கத்தில் போய் நின்றார். கண்டபடி சுட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று கண்டு 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தவர்களிலும் வேட்டைக்காரத் துரைமார் இருந்தார்கள்.

நம் இலங்கைச் சட்டம் தெளிவானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மரையைக் கொல்வதும் குற்றம், இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். பயிரைக் காக்கக் கொடுத்த துப்பாக்கி மரைக்குக் கொடுத்ததல்ல. சுட்டது யாராக இருந்தாலும், கழுத்தில் கத்தி வைப்பவர் கங்காணிதான் என்று ஆகிவிடும். அன்று அங்கே பதினான்கு பேர் நின்றார்கள், பாதிப்பேர் கையில் போன். ஒரு படம் வெளியே போனால் போதும், வழக்கு அவர் மேல்தான் வரும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். இன்னொன்றையும் யோசித்தேன். இன்று இரக்கத்தால் வெட்டி, நாளை இறைச்சி லயத்தில் பங்காகிப் போனால், அடுத்த மாதம் கம்பி சுருக்கில் மாட்டியதெல்லாம் 'அடிபட்டுக் கிடந்தது' ஆகிவிடும். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் செத்தது. அந்தக் கம்பியைச் சிறுத்தைக்கென்று யாராவது கட்டியிருப்பார்களா?

இந்தக் காரணங்களில் ஒன்றிலிருந்துகூட நான் இன்றும் பின்வாங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இவற்றையெல்லாம் யோசித்துத்தான் "தொடாதீங்க" என்றேனா என்றால், இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். காரணங்கள் பிறகு, அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

செய்யக்கூடியதைச் செய்தோம். ஆட்களையும் நாய்களையும் ஐம்பது மீட்டருக்கு அப்பால் அனுப்பினோம். வாயில் தண்ணீர் ஊற்ற ஓடிவந்த பையனைத் தடுத்தோம், மூச்சுக்குழாயில் போய்விடும். கயிறு போட்டு ரோட்டுக்கு இழுப்போம் என்றவர்களையும் விடவில்லை. மான் இனம் பயத்தாலேயே செத்துப்போகும், பிடித்து இழுக்க இழுக்கத் தசை வெந்துபோய் இதயம் நிற்கும். கங்காணி தன் படங்கை, இடுப்பில் கட்டியிருந்த துணியை, அவிழ்த்து மரையின் கண்ணை மூடினார். கண் மூடியதும் இரைப்பு கொஞ்சம் தணிந்தது. வேதனை தணிந்ததா, அல்லது அசைவு மட்டும் அடங்கியதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆபீஸ் வாகனம் வந்தது பதினொன்று முப்பத்தைந்துக்கு. வந்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அந்த மழையில் அந்தப் பாதையில் வந்து சேர்ந்ததே பெரிது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிழைக்காது என்றார். ஊசி போட்டார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

கங்காணி ஏழே முக்காலுக்குச் சொன்னதும் அதே ஒரு நிமிடம்தான். ஊசிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் உள்ள வித்தியாசம் சட்டத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கானில் கிடந்ததற்கு எட்டு மணிக்கும் பதினொன்றரைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் இருந்தது.

ஒன்பது மணி தாண்டியிருக்கும். மரை திடீரென்று முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தலையைத் தூக்கியது, படங்கு நழுவியது. எழும்ப முடியாமல் திரும்பக் கானுக்குள் சரிந்தது. கங்காணி என் முகத்தைப் பார்த்தார். கத்தி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவர் இரண்டாவது தடவை கேட்டிருந்தால், நான் மறுபக்கம் திரும்பி நின்றிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று அப்படிச் செய்திருப்பேனா என்று நிச்சயமில்லை. அவர் கேட்கவில்லை. குனிந்து, நழுவிய படங்கை எடுத்து, அதன் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டார்.