பீற்றாவுக்குப் பெயர் வந்த கதை

ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் நம் வகுப்புத் தோழன் ஒருவனை அவனுடைய மனைவிகூடப் 'பீற்றா' என்றுதான் அழைக்கிறார். காரணத்தைப் பிள்ளைகள் கேட்டால் அவன் மழுப்பிவிடுகிறான். நான் சொல்லிவிடுகிறேன், மலர்க்குழுவும் மூன்று மாதமாக ஏதாவது எழுதித் தா என்று நச்சரிக்கிறது.

1992. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. ஆய்வுகூட அலுமாரியில் வெறும் குப்பிகள். உயர்தர வகுப்புக்குப் புரதம் படிப்பிக்க வந்த விலங்கியல் மாஸ்டர், எங்கோ அறுந்து கிடந்த தொலைபேசி வயரில் ஒரு கட்டுடன் வந்தார்.

வயரில் முடிச்சுகள் போட்டார். ஒவ்வொரு முடிச்சும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஓர் அலகு. முடிச்சுகளைத் தொடுப்பது பெப்தைட்டுப் பிணைப்பு. இருபது வகை அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதே முதற்கட்டமைப்பு. பிறகு வயரைப் பென்சிலில் சுற்றி உருவினார்: அல்பாச் சுருளி. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் என்றதும், "முடிச்சில் பின்னம் உண்டா சேர்?" என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல். மாஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுற்றுக்கு முழு எண்தான் வரவேண்டும் என்று கேம்பிரிட்ஜ் மேதைகள் பிடிவாதமாக இருந்தபோது, அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் 1948இல் ஒக்ஸ்போர்ட்டில் தடிமன் பிடித்துப் படுத்திருந்தபடியே கடதாசியை மடித்துப் பார்த்து விடை கண்ட கதையை அன்றுதான் கேட்டோம்.

சுருளியைக் கசக்கி உருண்டையாக்கினால் புடைக்கட்டமைப்பு. அப்படி நான்கு உருண்டைகள் செய்து நால்வரை முன்னுக்கு அழைத்தார். இருவர் அல்பாச் சங்கிலி, 141 அமினோ அமிலங்கள். இருவர் பீற்றாச் சங்கிலி, 146. ஒவ்வொருவர் கையிலும் இரும்பு அணுவாக ஒரு துருப்பிடித்த ஆணி. தோளோடு தோள் நின்றால் ஈமோகுளோபின், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம். ஒட்சிசன் வந்து ஒருவனைப் பிடித்ததும் மற்ற மூவரும் இடம்கொடுக்க நெகிழ்வார்கள் என்று காட்டுவதற்காக மாஸ்டர் ஒருவனை இழுத்தார். அவன் காலில் ஆணியைப் போட்டுக்கொண்டு அலறினான். பெயர் நிலைத்துவிட்டது.

நார்ப்புரதங்களை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: தலைமயிரில் கெரட்டின், எலும்பிலும் தசைநாணிலும் மூன்று புரியாகத் திரித்த கயிறாகக் கொலாஜன். ஆட்டுக்கால் சூப் ஆறினால் உறைவது கொலாஜனின் வேலை என்றதும் எங்களுக்குப் பசிதான் வந்தது.

அடுத்த கிழமைப் பரீட்சையில், முட்டையை அவித்தால் பெப்தைட்டுப் பிணைப்புகள் அறும் என்று எழுதிவைத்தேன். சிவப்பு மையில் பெரிய வட்டம். அறுவது நலிந்த பிணைப்புகள். மடிப்புக் குலையும், முதற்கட்டமைப்பு அப்படியே இருக்கும். "அவித்த முட்டையும் புரதத்தைக் கண்டறியும் பையூரெட்டுச் சோதனையில் ஊதா காட்டும். காட்டத்தான் செப்பு சல்பேற்று இல்லை" என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார்.

இன்று இலண்டனில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுத்த இரத்தப் பொட்டில் அரிவாள் ஈமோகுளோபின் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். பீற்றாச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வலின்: 146இல் ஒரே ஒரு முடிச்சு. அதனால் ஒட்சிசன் குறைந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாகி, செங்குழியத்தை அரிவாளாக வளைத்துவிடுகின்றன. இதைச் சொன்னபோது ஸ்காபரோக்காரன் தன் ஆறாவது முடிச்சு ஒழுங்காகத்தான் இருந்தது என்றான்.

அதைச் சரிபார்க்க வழியில்லை. மணி அடித்ததும் மாஸ்டர் நான்கு உருண்டைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு வேலிக்குக் கட்டுக்கம்பி வேண்டியிருந்தது.