செங்கல்பட்டு ஜில்லா, திருவொற்றியூர்

பெரிய ஆயா என்று நாங்கள் சொல்வது தாத்தாவின் அண்ணன் மனைவியை. புருஷன் சண்டைக்கு மலாயா போனவர், 1942-க்குப் பிறகு தகவல் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷனுக்காக "உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்ற காகிதத்தில் ஆயா கைநாட்டு வைக்கவேண்டும். துணைக்கு நான் போவேன். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம் இருக்கும். கவுண்டரில் இருந்தவர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "விதவைப் பணம் வாங்குற, பொட்டு வச்சிருக்கியேம்மா?" ஆயா அசரவில்லை. "செத்துட்டாருன்னு நீ எழுதிக் குடு, இங்கேயே அழிச்சிடறேன்."

வந்த கடுதாசியில் "மிஸ்ஸிங், பிரிஸ்யூம்ட் கில்ட்" என்று இருந்தது. காணவில்லை, இறந்திருப்பார் என்று கருதுகிறோம் என்று அர்த்தம். ஆயாவுக்கு முதல் வார்த்தையே போதும். ஜப்பான்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார் என்று தெருவில் ஒரு கதை, நேதாஜி படையில் சேர்ந்துவிட்டார் என்று இன்னொரு கதை. இரண்டிலும் ஆள் உயிரோடு இருக்கிறாரே, ஆயா இரண்டையும் மறுக்கவில்லை. அமாவாசைக்கு அவர் பேரில் யாராவது எள்ளுத்தண்ணி விடலாமா என்று கேட்டால் மட்டும் வீடு ரெண்டாகிவிடும். கண்ணை மூடும்வரை பொட்டு இருந்தது.

2022 ஆகஸ்டில் டிவியில் ஒரு செய்தி. சியாச்சினில் 1984-இல் பனிச்சரிவில் புதைந்த ஒரு வீரரின் உடல் 38 வருஷம் கழித்துக் கிடைத்தது, உடம்போடு இருந்த வில்லையில் ராணுவ நம்பர் இருந்ததால் ஆள் யாரென்று தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அத்தை எனக்கு போன் போட்டார். பெரிய ஆயா வளர்த்த பெண் அவர். "நம்ம பெரியப்பாவுக்கும் ஒரு நம்பர் இருந்திருக்கும் இல்ல? எங்க எப்பன்னு மட்டும் பாத்து சொல்லுடா. நானும் போறதுக்குள்ள ஒரு படையல் போட்டுடறேன்."

நம்பர் இருந்தது. ஆயாவின் பிஸ்கட் டப்பாவில் ஒரு போட்டோ, பின்பக்கம் பென்சிலில் எண். நாலாவது இலக்கம் மூன்றா எட்டா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தும் புரியவில்லை. அதற்குக் கீழே "கியூ.வி.ஓ. மெட்ராஸ் எஸ் அண்ட் எம்". நான் ஏதோ ஸ்டுடியோ பெயர் என்றே நினைத்தேன். பெரம்பூரில் தெரிந்த ஒரு ரிட்டையர்டு சுபேதாரிடம் காட்டியதும் சிரித்துவிட்டார். "விக்டோரியா ராணி பேர்ல இருந்த மெட்ராஸ் ஸாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், தம்பி. இன்னைக்கு எம்.இ.ஜி., மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்." பாலம் கட்டுவது, பாலத்தைத் தகர்ப்பது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. 1780-இல் தொடங்கிய படை, இப்போது பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்கு ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் பெயர். தச்சு வேலை தெரிந்த எங்கள் பெரிய தாத்தாவை அங்கே எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வீண். ஒரு அலுவலகத்தில் பழைய பென்ஷன் ஃபைல் இல்லை என்றார்கள். இன்னொன்றில் நேரடி வாரிசுதான் கேட்கலாம் என்றார்கள். ஆயாவுக்குப் பிள்ளை கிடையாது. ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, உறவுமுறைக்கு ஒரு அஃபிடவிட் என்று ஜெராக்ஸ் எடுத்தே ஒரு கட்டு சேர்ந்தது.

வேலைக்கு ஆனது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம்தான். 1917-இல் ஆரம்பித்த அமைப்பு, இரண்டு உலகப் போரிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத் தரப்பில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களை வைத்திருக்கிறது. தேட, சான்றிதழ் இறக்க, காசு கிடையாது. ஆனால் இரண்டு உலகப் போருக்கு மட்டும்தான். 62, 65, 71 சண்டைகளில் காணாமல் போனவர்களை இங்கே தேடிப் பயனில்லை.

தேடுவதில்தான் கூத்து. அவர் பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தெருவுக்கு நாலு முனுசாமி. வெள்ளைக்கார கிளார்க் காதில் அது முனிஸ்வாமி, முனுஸ்வமி, முனிசாமி என்று எப்படியும் விழுந்திருக்கும். நம் ஆட்களுக்கு இனிஷியல் தவிர வேறு கிடையாது என்பதால் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடவேண்டும், முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவேண்டும். இது எனக்குப் பிடிபடவே மூன்று நாள் ஆனது. "கூடுதல் தகவல்" என்று ஒரு கட்டம் உண்டு. அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் அதில்தான் இருக்கும். அதில் மெட்ராஸ் என்று போட்டேன், ராயபுரம் என்று போட்டேன், ஒன்றும் வரவில்லை.

ஒரு ராத்திரி வீட்டுப் பழைய பத்திரத்தைப் புரட்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் காலத்தில் திருவொற்றியூர் மெட்ராஸே இல்லை. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுக்கா. வெள்ளைக்காரன் எழுதுகிற மாதிரி "சிங்கிள்புட்" என்று அடித்தேன்.

வந்துவிட்டார். ஸாப்பர், இன்னாரின் மகன், இன்னாளின் கணவர். ஆயா பெயரில் ஒரு எழுத்து கூட, ஒரு எழுத்து குறைய. நம்பரில் நாலாவது இலக்கம் எட்டு. கல்லறை கிடையாது, சிங்கப்பூர் கிராஞ்சியில், உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் வெட்டிய நினைவுச்சின்னத்தில் ஒரு தூண் எண். இறந்த தேதி 15 பிப்ரவரி 1942.

தேதியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆனது. சிங்கப்பூர் சரணடைந்த நாள் அது. இவர் அன்றுதான் இறந்தார் என்று யார் பார்த்தார்கள்? அன்றைக்குப் பிறகு கணக்கில் வராதவருக்கு அந்தத் தேதியைப் போட்டு ஃபைலை மூடியிருக்கலாம். சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம், நியூகினி வரை கப்பலில் கூலி வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை உறுதி செய்யவில்லை. அதனால் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போன கைதிகள் பட்டியலும் அரைகுறை. ஜெனீவாவில் இருக்கும் அந்தச் சங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதியிருக்கிறேன். வருஷத்தில் சில முறைதான், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் விண்ணப்பம் வாங்குவார்கள். முதல் தடவை நான் உள்ளே போவதற்குள் கோட்டா முடிந்திருந்தது.

சித்தப்பா பேரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சி ஸ்டேஷனில் இறங்கி, மேடேறிப் போய் வீடியோ காலில் வந்தான். பெயர் ரொம்ப உயரத்தில். ஜூம் பண்ணிப் பண்ணி, அண்டைப் பெயர்களையெல்லாம் தாண்டி ஒருவழியாக நின்றது. அத்தைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "எதுடா, எதுடா" என்று கேட்டு, போன் மேலேயே விரலை வைத்தார். கால் கட் ஆகிவிட்டது.

அந்தத் தேதி கணக்குக்காகப் போட்டதாக இருக்கலாம் என்று அத்தையிடம் சொன்னேன். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "அன்னிக்கு இன்னா திதி?"

சன்னதித் தெரு ஜோசியரிடம் கேட்டோம். பார்த்துவிட்டு நிமிர்ந்தார். விஷு வருஷம், மாசி, ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தப்பா பேரனுக்குச் சொன்னேன். "சரியாத்தான் இருக்கும் மாமா, அன்னைக்குச் சீனப் புத்தாண்டு. இங்க எல்லாருக்கும் தெரியும். சீனங்களுக்கு அமாவாசையிலதானே மாசம் பொறக்குது" என்றான்.

மாசி அமாவாசைக்கு அத்தை வீட்டில் படையல். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல ஆள் யாரும் மிச்சமில்லை, அதனால் வடை, பாயசம், வஞ்சிரம் வறுவல் என்று எல்லாருக்கும் பிடித்ததைச் செய்தார்கள். பென்சில் நம்பர் போட்டோவை ஃப்ரேம் போட்டு ஆயா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்திருந்தது. ஆயா படத்தில் இருக்கும் குங்குமத்தை என்ன செய்வது என்று பெரியவர்களுக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு. அத்தை யாரையும் கேட்கவில்லை. அதே கிண்ணத்தில் விரலைத் தொட்டு அவர் படத்துக்கும் ஒன்று வைத்துவிட்டு, "இலை காயுது, கற்பூரத்தை ஏத்துங்க" என்றார்.