யாரும் குண்டு என்று சொல்லாதவர்கள்

சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் அட்டை மலையாளம், பெரிய நோய் என்றால் கோயம்புத்தூர் அல்லது பொள்ளாச்சி. கேரளம் என்றாலே மழை என்று எண்ணி வருகிறவர்கள் இங்குள்ள கரிசல் காட்டையும் கடலைச் செடியையும் பார்த்துத் திகைப்பார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகத் தேடிப் போய் ஆஷா பணியாளர்கள் கேரள சுகாதாரத் துறையின் ஷைலி செயலியில் பதிவு செய்கிறார்கள். அதன் பிறகு ரத்த அழுத்தத்தையும் இடுப்பையும் எடையையும் அளந்து பார்ப்பதும், மருந்து தொடங்கியவர்களைக் கைவிடாமல் கவனிப்பதும் எங்கள் பொறுப்பு.

உடல் பருமனுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பதைச் சொல்ல ஒரு செவிலியர் தேவையில்லை. அது ஊருக்கே தெரியும். முகாம் நடக்கும் இடத்துக்குப் பருமனான ஒரு பெண் வந்தால் வரிசையில் நிற்பவர்களே, "முதலில் அவருக்குப் பாருங்கள் சிஸ்டர், அவருக்குத்தான் பிரஷர் இருக்கும்" என்று வழிவிடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் எங்கள் பதிவேட்டைப் புரட்டினால் தெரிவது வேறு. உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையான 140/90க்கு மேல் எழுதப்பட்ட பெயர்களில் பெரும்பகுதி, யாரும் ஒருபோதும் குண்டு என்று சொல்லியிராதவர்களுடையது. பூசினாற்போல இருப்பவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் உடம்பு வைத்தவர்கள், கையும் காலும் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆண்கள். இவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட வயிற்றைக் கண்டுபிடிக்க இடுப்பை அளப்பது கேட்பதற்கு எளிது. கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நேரத்தில் அளவைப் படிக்க வேண்டும். ஆனால் நாடாவைக் கண்டதும் ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பெண்களுக்குச் சேலைக் கொசுவமும் பாவாடை முடிச்சும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். ஆள் மறைவாக ஓர் அறை, கதவடைக்க ஒரு தாழ்ப்பாள், முடிச்சைச் சற்று இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம், இவை இருந்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். திண்ணையில் நாலு பேர் பார்க்க எடுக்கும் அளவு அளவே அல்ல. இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. 80 என்பது எவ்வளவு சிறியது என்று ஒரு நாடாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தால்தான் புரியும். வயல் வேலைக்குப் போகும், ஊரில் ஒல்லி என்று பெயரெடுத்த பெண்கள்கூட அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

எடைக் கணக்கும் அப்படித்தான். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லைப்படி 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் பருமன். ஆனால் ஆசிய உடல்களில் இதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரையும் அழுத்தமும் தொடங்குவதால், இந்திய மருத்துவர்கள் 23, 25 என்று எல்லையை இறக்கி வைத்திருக்கிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 52 கிலோவிலேயே அந்த 23ஐக் கடந்துவிடுகிறார். 52 கிலோப் பெண்ணிடம் "எடை கூடுதல்" என்றால் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் அப்படி இருக்கும்போது அதுதானே இயல்பான உடம்பு?

பருமனானவர்களுக்கு நேரும் அநீதி வேறு வகையானது. அழுத்தம் அளக்கும் டிஜிட்டல் கருவியோடு சாதாரணமாக வரும் கைப்பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள மேற்கைக்கானது. அதைவிடப் பருத்த கையில் அதையே இறுக்கிக் கட்டினால் கருவி உண்மையைவிட அதிகமான எண்ணைக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அழுத்தம், அதாவது 140/90இல் முதலில் வரும் எண், சராசரியாக 4.8 புள்ளியும், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 புள்ளியும் கூடுதலாக வந்தது. 125 உள்ளவர் 144 ஆகிவிடுகிறார். ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவாகிவிடலாம். ஆக, பருமனானவரைத் தேடிப் பிடித்து, பொருந்தாத பட்டையால் அளந்து, எண்ணையும் கூட்டிச் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கும் நடுத்தர உடம்புக்காரரை அளக்காமலே அனுப்பிவிடுகிறோம். பெரிய பட்டை கேட்டு எழுதிப் பெறுவது பல மாத வேலை. ஆனாலும் ஒவ்வொரு துணைச் சுகாதார மையத்திலும் அது ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று நான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன்.

எல்லையில் வேலை செய்வதால் இரண்டு மாநிலக் கணக்கும் கண்ணில் படும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பிஎம்ஐ 25ஓ அதற்கு மேலோ உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 40.4 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம். இந்திய அளவில் 24 சதவீதம்தான். ரத்த அழுத்தத்தில் வரிசை மாறுகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் அழுத்தம் கூடியவர்களோ மருந்து எடுப்பவர்களோ கேரளத்தில் 30.9 சதவீதம், தமிழ்நாட்டில் 24.8. எடையில் முந்தும் மாநிலம் அழுத்தத்தில் பிந்துகிறதே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டாவது கணக்கில் முதியவர்களும் அடக்கம், கேரளத்தில் முதியவர்கள் அதிகம். வயது ஏற ஏற அழுத்தம் ஏறும். எடை அதை முன்கூட்டியே கொண்டு வருகிறது. ஒரு கூட்டத்தின் எண்ணைப் பார்க்கும்போது அந்தக் கூட்டத்தின் வயதையும் பார்த்தாக வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பு வெறுமனே கிடப்பதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்து அதை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம், ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளாக மாறுகிறது. கொழுப்பணுக்கள் விடும் லெப்டின் என்ற ஹார்மோன் நரம்புகளை முடுக்கிவிடுகிறது. கழுத்தில் சதை கூடினால் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் வந்து, இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. உப்பைப் பிடித்து வைக்கும் உடம்புக்குள் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், பப்படம் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உப்பு மொத்தம் 5 கிராமுக்குள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2003இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சுமார் ஒரு புள்ளி குறைவது தெரிந்தது. மூன்று கிலோ குறைத்து ஒரு ஆளுக்கு மூன்று புள்ளி இறங்குவது பெரிதல்ல. ஆனால் ஊரே மூன்று கிலோ இறங்கினால், 140ஐ ஒட்டி நிற்பவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்கள். ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1985இலேயே இதை எழுதினார். அதிக ஆபத்தில் உள்ள சிலரைவிட, குறைந்த ஆபத்தில் உள்ள பலரிடமிருந்துதான் நோயாளிகள் கூடுதலாக வருகிறார்கள். எங்கள் பதிவேடு சொல்வதும் அதுவே.

ஆனால் நாங்கள் தரும் அறிவுரை எல்லாம் தனியாளுக்குத்தான் போகிறது. "நடங்கள், எடையைக் குறையுங்கள்." கடலைக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த தலைமுறை இது. இப்போது தென்னையும் சொட்டுநீரும் வந்த பிறகு காட்டில் அவ்வளவு வேலை இல்லை, வாசலிலிருந்து ஸ்கூட்டர், தெருமுனையில் பேக்கரி. எழுபதை நெருங்கும் ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார்: "உடம்பு இளைத்தால் என்ன சீக்கு என்று ஊரே கேட்கும் கண்ணு. சதை போட்டால்தான் மகன் நன்றாகப் பார்க்கிறான் என்று பேர்." பசியைக் கண்ட ஒருவர் சொல்லும் சொல் அது. அதற்கு எதிராகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மருமகளை அளந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். இடுப்பு 86, அழுத்தம் 148/94. மருமகளுக்கு வயது 34. இன்னொரு நாள் மறுபடி அளந்தும் இறங்கவில்லை. இப்போது ஒருவர் பட்டியலில் சேர்ந்தால் அந்த வீட்டின் பெரியவர்கள் அத்தனை பேரையும் அளக்கிறோம். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தானே எல்லோரும் சாப்பிடுகிறார்கள்?

அந்த மருமகளிடம் நடக்கச் சொன்னபோது, "எங்கே நடப்பது, சிஸ்டர்?" என்றார். காட்டு வேலை முடித்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகு இரவு எட்டரைக்குத்தான் அவருக்கு நேரம். வாய்க்கால் கரைச் சாலையில் விளக்குக் கிடையாது. நாய்கள் உண்டு. கள்ளுக்கடை வழியாகப் போக வேண்டும். பிரதான சாலையிலோ லாரிகள். அவர் நடக்காமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை.

வார்டு கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாய்க்கால் கரையில் பள்ளிக்கூடம் முதல் கோயில் வரை விளக்குகள், மாலையில் பள்ளி மைதானத்தைப் பெண்களுக்குத் திறந்துவிடுவது, அங்கன்வாடியில் கதவுள்ள ஓர் அறையில் மாதம் ஒருமுறை அளவு எடுப்பது, இவைதான் கேட்டிருப்பவை. விளக்குக்குப் பணம் ஒதுக்க அடுத்த ஆண்டுத் திட்டத்தில்தான் முடியும் என்றார்கள். மைதானத்துக்குத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.