அரைப்பேர்

என் முதல் சிறுகதைத் தொகுப்பின் திருத்திய பிரதி வந்ததும் 'அரைப்பேர்' என்ற சொல்லைத்தான் தேடினேன். அந்த இடத்தில் 'அரைநாள் கூலி' என்று இருந்தது.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். விடியவே வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மாலைவரை மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், தோட்டத்தில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். வேலை முழுநாள், செக்ரோல் பதிவேட்டில் பாதி. அரைநாள் கூலி என்று எழுதினால் அம்மா மத்தியானமே லயத்துக்குத் திரும்பிவிட்டதாக ஆகிவிடும். அந்தக் கதையே இந்தச் சொல்லில்தான் நிற்கிறது.

பீலி 'குழாய்' ஆகியிருந்தது, காம்பரா 'அறை' ஆகியிருந்தது. பதிப்பாசிரியரிடம் பேசினேன். நல்ல மனிதர்தான். "வாசகருக்கு விளங்காது தங்கச்சி, கடைசியில் ஒரு சொற்பட்டியலாவது போடுவோம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. யாழ்ப்பாண வழக்கில் வந்த கதைகளை எந்தப் பட்டியலும் இல்லாமல் வாசித்துத்தானே நான் வளர்ந்தேன்?

சரி, வேறு வழி பார்ப்போம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்தேன். சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த வசனத்தை மாற்றினேன். பீலியடியில் குடத்தோடு வரிசை நிற்கும் காட்சி வந்ததும் பீலி தானாக விளங்கியது. ஒவ்வொரு கதையையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். ஓரிடத்தில் நிறுத்தினார். "செடியாம்மா அது? தேயிலைத் தூருன்னு எழுது."

அதை யாரும் திருத்தவில்லை. நானே 'செடி' என்று எழுதியிருந்தேன். டவுன் பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிறகு நான் ஒளித்துவைத்த சொற்களில் 'தூர்' என்பதும் ஒன்று. அன்று இரவு எல்லாக் கதைகளையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

அப்புறம் ஆசிரியர் குறிப்பு. 'இந்திய வம்சாவளி எழுத்தாளர்' என்று போட்டிருந்தார்கள். என் பிறப்புச் சான்றிதழிலும் 'இந்தியத் தமிழர்'தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தாத்தா நாடற்றவர் ஆனார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலையில். 'மலையகத் தமிழ் எழுத்தாளர்' என்று மாற்றச் சொன்னேன். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் செய்ததுபோல் என் பெயருக்கு முன்னால் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில், தேயிலையை வெட்டிவிடுவதைச் சொல்லும் 'கவ்வாத்து' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்குறிப்பு போட ஒத்துக்கொண்டேன். அரைப்பேர் 43ஆம் பக்கத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது.