லினக்ஸ் லேப் தேர்வு: லைப்ரரி காணோம் என்று திரை சொன்னால்

பருகூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளிலும் சுற்றியுள்ள பாலிடெக்னிக்குகளிலும் லினக்ஸ் லேப் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. கட்டளைகளை உருப்போடுவதைவிடப் பிழைச் செய்தியை முழுசாக வாசிக்கப் பழகுங்கள். லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு. அதன் சிக்கலில் பாதி விடை அந்த வரியிலேயே கிடக்கிறது.

'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' கிடைக்கவில்லை என்று வந்தால், எஸ்ஓ-வுக்குப் பின்னால் உள்ள எண்ணைத்தான் முதலில் குறிக்க வேண்டும். அந்த எண் மாறினால் பழைய புரோகிராமோடு அது ஒத்துப்போகாது என்று பொருள். இந்த லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைச் சேர்ந்தது. உபுண்டு 22.04-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. கோப்பின் பெயர் எஸ்ஓ.3 என்று முடியும். அதற்கு 1.1 என்று சிம்லிங்க் (வேறு பெயரில் அதே கோப்பைக் காட்டும் குறுக்குவழி) போடுவது, பெங்களூரா மாங்காய்ப் பெட்டியில் அல்போன்சா லேபிள் ஒட்டுகிற வேலை. 'வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்' என்று அடுத்த பிழை வந்து நிற்கும். புரோகிராமின் புதிய பதிப்பைப் போடுவதுதான் நேர்வழி.

லோடர் (புரோகிராமைத் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி இணைப்பது) முதலில் காணாமல்போன ஒரே லைப்ரரியின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்தால் தேர்வு நேரம் போய்விடும். புரோகிராமின் முழுப் பாதையோடு எல்டிடி (ldd) கட்டளை கொடுத்தால் விடுபட்ட எல்லாமே 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரே பட்டியலில் வரும். நம்பிக்கை இல்லாத கோப்பென்றால் எல்டிடி வேண்டாம். சில சமயம் அது புரோகிராமையே ஓடவிடக்கூடும். அப்ஜெக்ட்டம்ப் -பி (objdump -p) போட்டு 'நீடெட்' வரிகளைப் பாருங்கள்.

கோப்பின் பெயர் வேறு, பேக்கேஜின் பெயர் வேறு. டிபிகேஜி -எஸ் (dpkg -S, எஸ் பெரிய எழுத்து) ஏற்கெனவே நிறுவியவற்றில் மட்டும்தான் தேடும். நிறுவாததைக் கண்டுபிடிக்க ஆப்ட்-ஃபைல் (apt-file) வேண்டும். அதில் முதலில் அப்டேட், பிறகு சர்ச். இந்த வித்தியாசம் வைவாவுக்கு நல்ல கேள்வி. உபுண்டு 24.04-இல் பல பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' (t64) ஒட்டிக்கொண்டது. லிப்அசவுண்ட்2 என்று பழைய பெயரில் கேட்டால் நிறுவாது, லிப்அசவுண்ட்2டி64 என்று கேட்க வேண்டும்.

டெப் கோப்பை (.deb, உபுண்டுவின் பேக்கேஜ் கோப்பு) 'dpkg -i' கட்டளை மூலம் போட்டால், அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களை, அதாவது சார்புகளை, அது தேடிக் கொண்டுவராது. பேக்கேஜ் அரைகுறையாக நிற்கும். களஞ்சியத்திலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வரிலிருந்து) இறக்கி நிறுவும் ஆப்ட் (apt) கருவியின் ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால் சரிசெய்யும். ஆனால் தேவையான லைப்ரரி களஞ்சியத்திலேயே இல்லையென்றால், நீங்கள் போட்ட பேக்கேஜையே நீக்கட்டுமா என்று கேட்கும். நீக்கும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டாதீர்கள். ஆப்ட் இன்ஸ்டால் என்று எழுதி, கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் இந்த வம்பே இல்லை.

லைப்ரரி இருந்தும் காணோம் என்கிறதா? மேக் இன்ஸ்டாலுக்குப் பிறகு, லோடரின் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் (ldconfig) ஓட்ட மறந்திருப்பீர்கள். லைப்ரரி '/opt' அடைவு போன்ற வேறிடத்தில் இருந்தால், அந்தப் பாதையை எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு ஓட்டுங்கள். லைப்ரரி தேடும் பாதையைத் தற்காலிகமாகச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH) மாறி சோதிக்க மட்டும் போதும். சூடோ போட்டால் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் நெட் இல்லாமல் பயிற்சி செய்கிறவர்கள், ஆப்ட்-கெட் --பிரின்ட்-யூஆர்ஐஸ் இன்ஸ்டால் என்று கொடுத்து, வரும் முகவரிகளை ஒரு கோப்பில் சேமித்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் இறக்கலாம். பேக்கேஜ் பட்டியல் பழசாக இருந்தால் சில முகவரிகள் 404 காட்டும். முகவரிகளை எடுக்கும் முன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறையாவது ஆப்ட் அப்டேட் செய்துவிடுங்கள். திரும்பி வந்ததும் வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸில் போடப் போகிறீர்களா? அப்படியானால் பிரின்ட்-யூஆர்ஐஸ் ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதாகக் காட்டிய பெயரிலேயே சேமிக்க வேண்டும். சில பெயர்களில் '%3ஏ' இருக்கும், பிரவுசர் சேமிக்கும் பெயரில் இருக்காது. அதனால் ஆப்ட் அதைக் கண்டுகொள்ளாது. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் எல்லா டெப்பையும் ஒரே அடைவில் வைத்து, ஆப்ட் இன்ஸ்டாலுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.